வேட்டி நிழலில் மூன்று முகங்கள்

2024 மே 12, ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டேகால். சேரப்பணஞ்சேரியில் கம்பெனிப் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றின் மொட்டைமாடியில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் செருப்பளவு நிழல் இருந்தது.

"கண்ணத் திறட்டி" என்றாள் பேச்சி.

"திறந்துதான வச்சிருக்கேன்" என்றாள் செல்லக்கனி. அவளுடைய இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன. கன்னத்துப் பவுடரில் கோடு கிழித்துக்கொண்டு கண்ணீர் இறங்கியது.

"இப்படி அழுதுட்டே போர்டுல நின்னேன்னு வையி, கண்ணீர் அஞ்சலின்னு நெனச்சு எவனாவது மாலை வாங்கிட்டு வந்திருவான்" என்றாள் சுகப்பிரியா.

பேச்சி சிரிக்கவில்லை. ஒன்றேகாலுக்குக் கம்பெனி பஸ் வரும். அவளுக்கு இந்த வாரம் இரண்டாவது ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் ஓவர்டைம் இருந்தது. மற்ற இருவரும் நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படுத்தவர்கள். அவள் எழுப்பியதால்தான் எழுந்தார்கள். மூன்று பேரும் வெளிச்சத்தில் சேர்ந்து நிற்க இந்த ஒரு மணி நேரம்தான் இருந்தது. அதற்குள் மூன்று முகங்கள் வேண்டும். நன்றாக விழுந்த முகங்கள்.

ராதாபுரம் பக்கத்தில் அவர்கள் ஊர். முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழா இருபத்தொன்றாம் தேதி. கொடைக்கு ஊரில் தலைக்கட்டு வரி உண்டு. ஆண் இருக்கிற வீட்டுக்கு முழு வரி, கைம்பெண் வீட்டுக்கு அரை வரி, புருஷன் விட்டுப்போன வீடும் அரை வரிதான். அரை வரி வீட்டுக்குப் பிரசாதம் வந்துவிடும். ஆனால் கோயில் முன்னால் பேர் வாசிக்க மாட்டார்கள். கோயில் வாசல் வளைவில் படம் போட்ட ஃப்ளெக்ஸ் போர்டு கட்டவும் முடியாது. வளைவு முழுக்க ஒவ்வொரு வருஷமும் கூலிங் கிளாஸ் போட்ட பையன்களின் முகமாகவே இருக்கும். பேச்சியின் அப்பா இறந்ததிலிருந்து அவள் அம்மா செல்லம்மாளின் வீடு அரை வரி வீடு. சுகப்பிரியா வீடும் செல்லக்கனி வீடும் அதே கணக்குதான்.

இந்த வருஷம் மூன்று பேரும் முழு வரி கட்டினார்கள். ரசீதைத் தங்கள் பேரிலேயே போடச் சொல்லி பேச்சி கமிட்டித் தலைவர் நம்பிராஜனுக்குப் போன் செய்தாள்.

"பொம்பளப் பிள்ளைய பேருல ரசீது போடச் சொல்லுதியா?"

"சம்பாதிக்கது நாங்கதான மாமா. பின்ன யாரு பேருல போடுவீக?"

அவர் போட்டார். முழு வரி கட்டினவர் போர்டு வைக்கலாம் என்பது வழக்கம் என்று பேச்சி அடுத்த அடி வைத்தபோது, அதையும் அவரால் மறுக்க முடியவில்லை. வளைவுக்குத் தெற்குப் பக்கம் தருவதாகச் சொன்னார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள் போட்டோ கடைக்குப் போய்விட வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வாலிபால் பையன்களுக்கு. அவர்கள் ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கிறார்கள்.

கடை என்பது வள்ளியூரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடை. அங்கே டிசைன் செய்கிறவன் மகாராஜா, பேச்சியின் சித்தப்பா மகன். அவளைவிட எட்டு மாதம் சின்னவன். ஒரு வாரமாக அவன் போட்டோக்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். அறைக்குள் டியூப் லைட்டில் எடுத்ததைப் பார்த்து, "பன்னெண்டடிக்கு இழுத்தா மூஞ்சி பூரா சல்லடை" என்றான். சரி, நல்ல வெளிச்சத்தில் எடுப்போம் என்று பஸ் நிறுத்தத்தில் வெயிலில் எடுத்து அனுப்பினால், "இது பொம்பளையா ஆவியா?" என்று கேட்டு, கூடவே சிரிப்புப் பொம்மை நாலும் போட்டிருந்தான்.

அந்தச் சிரிப்புப் பொம்மை பேச்சியின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ஏனென்றால் அவன் சொன்னது உண்மை. இந்த ஊருக்கு வந்த மூன்று வருஷத்தில் வெளியே எடுத்த எந்தப் படத்திலும் அவள் முகம் தெளிவாக விழுந்ததில்லை. பாலில் நனைத்த துணியால் மூடியது போல ஒரு வெளுப்பு. கடற்கரையில், வண்டலூரில், படப்பை கடைத்தெருவில், எங்கே எடுத்தாலும் அதே கதை. நம் முகவாகு அப்படி என்று நினைத்துக்கொண்டு, யாராவது போனைத் தூக்கினால் ஓரமாக ஒதுங்கிவிடுவாள். கூட இருக்கிறவர்களும் தங்கள் முகத்தைப் பற்றி அப்படியேதான் நினைத்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

"அந்தப் பக்கம் திரும்பு. வெயிலு முதுகுல அடிக்கட்டும்" என்றாள் பேச்சி.

செல்லக்கனி திரும்பி நின்றாள். கண் திறந்தது. ஆனால் போனில் என்ன விழுந்தது என்று பார்க்க முடியவில்லை. வெயிலில் திரை கரும்பலகை மாதிரி இருந்தது. பேச்சி கறுப்புத் துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொண்டு, அந்தக் கூடாரத்துக்குள் போனை வைத்துப் பார்த்தாள்.

ஆவிதான். இந்தத் தடவை இன்னும் வெளுத்த ஆவி.

அப்போது பார்த்து மகாராஜா கூப்பிட்டான். பேச்சி ஸ்பீக்கரில் போட்டாள்.

"எக்கா, இன்னும் வரல. வாலிபால் டீம்காரனுவ இங்க கடையிலயே வந்து உக்காந்திருக்கானுவ. டீ வேற வாங்கித் தாரானுவ."

"குடி. நாலு மணி வரைக்கும் குடி."

"நான் ஒரு யோசனை சொல்லட்டா? மூஞ்சி வேண்டாம். மூணு தாமரைப் பூவப் போட்டு கீழ பேரப் போட்டுருவோம். பொம்பளப் பிள்ளையளுக்கு அதுதான் லட்சணம்."

"லே, ஒன் மூஞ்சிக்குப் பதிலா பூசணிப் பூவப் போட்டா ஒத்துக்கிடுவியா நீ?" என்று சுகப்பிரியா பக்கத்திலிருந்து கத்தினாள்.

"எனக்குப் பொருத்தமாத்தான் இருக்கும், மயினி" என்றான் அவன்.

பேச்சி போனை வைத்தாள். வைத்தவள் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். அப்படி நிற்கும்போது கை தன்னால் ஒரு வேலை செய்தது. அவளுடைய வேலை அதுதான். லைனில் செல்போன் கண்ணாடித் தகடுகள் வரும். விளக்குக்குக் கீழே எடுத்துப் பிடித்து, கீறல் இருக்கிறதா என்று பார்த்து விடவேண்டும். நேராகப் பிடித்தால் எதுவும் தெரியாது. சற்றுச் சாய்த்து, வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போகும்படி பிடித்தால், இருக்கிற கீறல் தானே முன்னால் வந்து நிற்கும். நல்லதை ஓகே என்பார்கள், கெட்டதை என்ஜி என்பார்கள். நாள் பூராவும் சாய்த்துச் சாய்த்து, சாப்பாட்டு மேஜையில் டம்ளரைக் கூடச் சாய்த்துப் பார்க்கிற பழக்கம் வந்திருந்தது.

இப்போதும் போனின் முதுகைச் சாய்த்தாள். உச்சி வெயில் அதன் மேல் வழுக்கியது. கேமராக் கண்ணாடியின் மேல் ஒரு வட்டம் தெரிந்தது. மங்கலாக, மேலே மேலே படிந்த, ஓரம் பிசிறிய வட்டம்.

"ஏட்டி, ஒன் போனக் குடு" என்றாள் சுகப்பிரியாவிடம்.

அதிலும் அந்த வட்டம். செல்லக்கனியின் போனிலும்.

கம்பெனி கேட்டில் ஒவ்வொரு நாளும் செக்யூரிட்டிக்காரர் எல்லாருடைய போன் கேமராவின் மேலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். உள்ளே யாரும் படம் எடுத்துவிடக் கூடாது. வெளியே வந்ததும் எல்லாரும் நகத்தால் உரித்துப் போட்டுவிட்டு பஸ் ஏறுவார்கள். ஸ்டிக்கர் போகும், பசை போகாது. மூன்று வருஷத்துப் பசை.

பேச்சி தரையில் உட்கார்ந்துவிட்டாள். தரை சுட்டதும் எழுந்தாள்.

"என் மூஞ்சி இல்லட்டி" என்றாள். "பசை."

"என்னது?"

"மூணு வருசமா நம்ம மூஞ்சிமேல ஒட்டிக்கிட்டு இருந்தது கேட்டுப் பசை. அங்க ஒரு நாளைக்கு எம்புட்டுக் கண்ணாடிய சாச்சுப் பாக்கேன். இந்தக் கண்ணாடிய ஒரு நாள் பாக்கல பாரேன்."

செல்லக்கனி தன் போனை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப நான் அசிங்கமில்லையா?" என்றாள் மெதுவாக.

"அது துடைச்ச பெறவுதான் தெரியும்" என்றாள் சுகப்பிரியா.

விடுதி வாசலில் கொரோனா காலத்திலிருந்து ஒரு சானிடைசர் பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. சுகப்பிரியா ஓடிப்போய்ப் பஞ்சில் நனைத்து எடுத்துவந்தாள். பேச்சி தேய்த்தாள். பசை முதலில் இழுத்தது, பிறகு புழு மாதிரி சுருண்டு வந்தது. சாய்த்துப் பார்த்தாள். மறுபடி தேய்த்தாள். மறுபடி சாய்த்தாள்.

"ஓகே" என்றாள்.

பன்னிரண்டே முக்கால். இப்போது படம் கண்ணாடி மாதிரி விழுந்தது. அதனாலேயே வேறு குறை வெளியே வந்தது. உச்சி வெயில் நேராகத் தலையில் இறங்கி, நெற்றியும் மூக்கும் மினுங்க, கண் இரண்டும் குழிக்குள் கிடந்தன. பவுடர் சாம்பல் பூசியது போல் நின்றது.

"ஆவி போயி மண்டையோடு வந்துட்டு" என்றாள் சுகப்பிரியா.

"ஐய, இன்னா பொண்ணுங்களா, கருவாடு காய வெக்கிற நேரத்துல நீங்க காயறீங்க?"

படியேறி மூச்சிரைக்க வந்தவள் சந்திரம்மாள், விடுதியைப் பார்த்துக்கொள்கிறவள். மண்ணூர்க்காரி. அவளும் அவள் புருஷன் மாரியும் கீழ்த்தளத்தில் குடியிருந்தார்கள். மாடி கொதிக்கிறது, பெண்கள் தூங்க முடியவில்லை என்று போன மாதம் அவளே நின்று தரைக்கு வெள்ளை அடித்திருந்தாள். கொடியில் மாரியின் வெள்ளை வேட்டி காய்ந்துகொண்டிருந்தது; அதை எடுக்கத்தான் வந்தாள்.

"ஆன்ட்டி, அத எடுக்காதீங்க" என்றாள் பேச்சி.

"இன்னாது?"

பேச்சி கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேட்டி காற்றில் தூக்கியபோது செல்லக்கனி அதற்கடியில் ஒதுங்கினாள், வெயிலுக்காகத்தான். அந்த ஒரு நொடியில் அவள் முகம் மாறியது. மூக்கின் மினுக்கம் அடங்கியது. வேட்டி நிழலுக்கு வெளியே வெள்ளைத் தரை தகதகத்துக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சம் கீழேயிருந்து எழும்பிக் கண் குழிக்குள் போய் விளக்கேற்றியது.

"அங்கேயே நில்லுட்டி. அசையாத. ஆன்ட்டி, அந்த முனையக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. இந்த வேட்டியப் பந்தலா விரிக்கணும்."

"என் வூட்டுக்காரரு அத்தக் கட்டிகினு மண்ணூருக்குக் கல்யாணத்துக்குப் போணும். கீழ லுங்கியோட குந்திகினு கீறாரு."

"பத்து நிமிசம், ஆன்ட்டி. எங்க ஊரு கொடைக்கு போர்டு வைக்கோம். எங்க மூஞ்சி போட்டு."

"பொண்ணுங்க மூஞ்சியா? கோயில்லயா?" சந்திரம்மாள் வேட்டியின் முனையைப் பிடித்தபடியே யோசித்தாள். "எங்க தெருவுல சாவுக்குத்தான் பொம்பள போட்டோ போடுவானுங்கோ. அதுலயும் பாதி ஆதார் கார்டு போட்டோ."

வேட்டியின் ஒரு பக்கம் கொடியிலேயே கிளிப்பில் நின்றது. ஒரு முனையைச் சந்திரம்மாள் பிடித்தாள். இன்னொரு முனைக்கு ஆள் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்தவர் மாதிரி மாரி படியேறி வந்தார், லுங்கியும் பட்டுச் சட்டையுமாக.

"என் வேட்டி எங்கம்மே?"

"தோ, உன் தலைக்கு மேல. அந்த மூலையப் புடி."

"அண்ணாச்சி, கொஞ்சம் ஒசத்திப் பிடிங்க" என்றாள் செல்லக்கனி.

"அண்ணாச்சியா? நான் இன்னா மளிகைக் கடையா வெச்சிகீறேன்?" என்றார் மாரி. ஆனால் உயர்த்திப் பிடித்தார்.

பேச்சி இருவரையும் முகம் கழுவச் சொன்னாள். பவுடர் போயிற்று. துடைக்க வேண்டாம் என்று தடுத்தாள். ஈரக் கறுப்பில் கன்ன எலும்பும் மோவாயும் துலங்கின. போர்டுக்கென்று கழுத்தில் போட்டிருந்த கம்பெனி அட்டையைத் திருப்பிப் போடச் சொன்னாள். கம்பெனி பேர் போர்டில் வந்தால் ஹெச்ஆர் கூப்பிடுவான். பிறகு எடுக்க ஆரம்பித்தாள். மோவாயைத் தொட்டுச் சற்றுத் திருப்புவாள். இன்னும் கொஞ்சம். சாய்த்து, பார்த்து, வெளிச்சம் எங்கே வழுக்குகிறது என்று கண்டு, அங்கே நிறுத்துவாள். கையில் கண்ணாடித் தகட்டுக்குப் பதில் மனித முகம் இருந்தது, அவ்வளவுதான். எடுத்ததும் துப்பட்டாக் கூடாரத்துக்குள் போய்ப் பார்ப்பாள்.

"என்ஜி."

"எனக்குக் கை விட்டுப்போவுது" என்றார் மாரி.

"என்ஜி. சிரிக்காதட்டி சுகப்பிரியா. லைன்ல பீஸ் அடைச்சுக்கிட்டா எப்படிப் பாப்ப? அப்படிப் பாரு."

சுகப்பிரியா அப்படிப் பார்த்தாள். கண் நேராக வந்து நின்றது.

"ஓகே."

செல்லக்கனிக்கு நாலாவது படம் ஓகே ஆனது. கூடாரத்துக்குள் தலையை நுழைத்துத் தன் முகத்தைப் பார்த்தவள் வெளியே வரவே இல்லை. "இது நானாக்கா?" என்ற குரல் மட்டும் வந்தது. யாரும் கேலி செய்யவில்லை. சந்திரம்மாளும் வேட்டியை விடாமலே எட்டிப் பார்த்துவிட்டு, "மகாலட்சுமி கணக்கா கீது பொண்ணு" என்றாள்.

ஒன்று பத்து. பேச்சி போனைச் சுகப்பிரியாவிடம் நீட்டிவிட்டுத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள்.

வேட்டிக்கடியில் போய் நின்றபோதுதான் பயம் வந்தது. மற்றவர்களைத் திருப்பி நிறுத்தத் தெரிந்தது. தன்னைத் தானே எங்கேயிருந்து பார்ப்பது? வெளிச்சம் தன் முகத்தில் எங்கே நிற்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடிக்கொரு தரம் ஒதுங்கிப் பழகிய உடம்பு இப்போதும் ஓரத்துக்கு நழுவப் பார்த்தது.

"எங்க போற? நடுவுல நில்லு" என்றாள் சுகப்பிரியா. எடுத்தாள். கூடாரத்துக்குள் செல்லக்கனி இருந்தாள். போன் உள்ளே போயிற்று.

"என்ஜி" என்றது கூடாரம்.

"ஏன்?"

"மொகம் பயந்தாப்ல இருக்கு."

கீழே தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. மாரி, "யம்மா, முகூர்த்தம் போச்சி, சாப்பாடாவது கிடைக்கட்டும்" என்றார்.

சுகப்பிரியா பக்கத்தில் வந்து பேச்சியின் மோவாயைத் தொட்டு, அவள் செய்தது போலவே, ஒரு விரல் அளவு திருப்பினாள். "நம்பிராஜன் மாமா போன்ல கேட்டாருல்லா, பொம்பளப் பிள்ளைய பேருல ரசீதான்னு. நீ அவருக்கு என்ன சொன்ன?"

பேச்சிக்கு அவர் கேட்டதும் தான் சொன்னதும் நினைவுக்கு வந்தது. கழுத்து தானாக நிமிர்ந்தது.

போன் மறுபடி கூடாரத்துக்குள் போயிற்று. ஹாரன் இரண்டாம் முறை அடித்தது. செல்லக்கனி துப்பட்டாவை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, லைன் லீடர் மாதிரி கட்டை விரலை உயர்த்தினாள்.

"பீஸ் ஓகேக்கா. பாக்க வேண்டாம், ஓடு."

பேச்சி பார்க்கவில்லை. போனைப் பிடுங்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாக இறங்கினாள். பின்னால் மாரி, "வேட்டிய அவுத்துக் குடுங்கடா சாமி" என்று கத்துவது கேட்டது.

பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. சன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டு முதலில் தோழிகளின் படங்களை அனுப்பினாள். பிறகு தன்னுடையதைத் திறந்தாள். கறுத்த, ஈரம் மின்னும் முகம்; நேரே பார்க்கிற கண். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள். குறை ஒன்றும் அகப்படவில்லை. அனுப்பினாள்.

மகாராஜாவிடமிருந்து சிரிப்புப் பொம்மை வரவில்லை. போன்தான் வந்தது.

"எக்கா, எந்த ஸ்டூடியோ இது?"

"சந்திரம்மா ஸ்டூடியோ."

"சும்மா சொல்லாத. எவ்ளோ இழுத்தாலும் கண்ணு முழி தெரியுது. வாலிபால்காரனுவ எட்டிப் பாத்துட்டு எந்திச்சுப் போயிட்டானுவ." பிறகு கொஞ்சம் தயங்கி, "கலரு மட்டும் ஒரு ரெண்டு புள்ளி ஏத்திரட்டா? எல்லாருக்கும் ஏத்துவோம். வழக்கந்தான்" என்றான்.

"ஏத்தாத. இருக்கத அப்படியே போடு."

"சரி. பேருக்குக் கீழ? எங்களுக்கு இன்னார் மகன்னு போடுவோம். உங்களுக்கு என்ன போட?"

பஸ் ஒரகடம் மேம்பாலத்தில் ஏறியது. கார் ஏற்றிய நீள லாரிகள் கீழே வரிசையாக நின்றன.

"முழு வரிதாரர்னு போடு" என்றாள் பேச்சி.

கேட்டில் செக்யூரிட்டி அண்ணாதுரை போனை வாங்கி, ஒட்டுவதற்காகச் சுருளிலிருந்து ஒரு ஸ்டிக்கரை உரித்தார். "ஒரு நிமிசம் சார்" என்று அவள் பையிலிருந்து சின்னக் காகிதத் துண்டைக் கிழித்துக் கேமராவின் மேல் வைத்தாள். "இதுக்கு மேல ஒட்டுங்க. பசை படக்கூடாது."

"இன்னாம்மா புதுசா?"

"கண்ணு மறையக் கூடாதுல்லா சார்."

அவர் காகிதத்தைப் பார்த்தார், ஒட்டினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மே 21, செவ்வாய்க்கிழமை காலை, முத்தாரம்மன் கோயில் வளைவுக்குத் தெற்கே பன்னிரண்டுக்கு எட்டு அடியில் ஒரு போர்டு கட்டப்பட்டது. அதில் மூன்று பெண்களின் முகங்கள் இருந்தன. வரி வாசித்தபோது நம்பிராஜன் மூன்று பெயரையும் வாசித்தார். சுகப்பிரியாவுக்கும் செல்லக்கனிக்கும் லீவு கிடைத்தது. பேச்சிக்குக் கிடைக்கவில்லை. அவளுக்கு அன்று முதல் ஷிப்ட்.